கடலூரிலிருந்து ஒரு கிம்ச்சி ஜாடி

கொரியாவில் இரண்டு மாதம் இருந்துவிட்டு ஒரு தும்மல்கூட இல்லாமல் ஊர் திரும்பியவன் நான். கடலூரில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டுச் சிதம்பரம் திரும்பும் வழியில்தான் செத்துப் பிழைத்தேன்.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இறால் ஆகாது. தின்றால் உடம்பு முழுக்கத் தடித்துப் போய் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பேன். அதோடு விட்டால் பரவாயில்லை. என் மகள் யாழினிக்கும் அது வந்துவிட்டது, என்னைவிட மோசமாக. நான்கு வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு வடையை அவள் கையில் கொடுத்தார்கள். அதில் இறால் இருந்தது. அன்றைக்கு அவள் உதடு வீங்கி மூச்சு இழுத்த இழுப்பை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். அப்போதிருந்து என் தோளில் குறுக்காக ஒரு பழுப்புப் பை தொங்குகிறது. மாத்திரை, மூச்சுக்கு உறிஞ்சுகிற பம்ப், டாக்டர் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். "இதைக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள், ஊசி போட ஓடி வாருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், கல்யாணம் செய்துகொண்டது கடலூர்க் கடற்கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண்ணை. தமிழ்ச்செல்வி எங்களுக்காக இறாலை அடியோடு விட்டுவிட்டாள். அவள் விட்டதை அவள் அம்மா வீட்டில் இன்னும் துக்கமாகத்தான் பேசுகிறார்கள்.

கம்பெனி புதிதாக வாங்கிய இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள என்னை கொரியாவுக்கு அனுப்பியபோது, கூட வந்தவர்கள் குளிரை நினைத்துக் கவலைப்பட்டார்கள். நான் இறாலை நினைத்துக் கவலைப்பட்டேன். அந்த ஊரில் கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாயில் உப்பில் ஊறிய குட்டி இறால் இருக்கிறது. குழம்பில் காய்ந்த இறால் இருக்கிறது. கடல்பாசியை அப்பளம் மாதிரித் தகடாக்கி விற்கிறார்கள். இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று வாங்கி, கைபேசியைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்தால், 'இந்தப் பாசி இறாலும் நண்டும் வாழும் கடலில் எடுக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. பொட்டலத்தைப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

முதல் வாரம் முழுக்க வெறும் சோறும் வாழைப்பழமும் அவித்த முட்டையும்தான். கேன்டீனில் பின்னால் இரண்டு பேர் என்னைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். கொரிய மொழி தெரிந்த நம் ஊர்ப் பையன் ஒருவன் சொன்னான். "இந்த ஆள் சாமியாரா?" என்று ஒருவன் கேட்டானாம். "இல்லை, வயிற்றுப்புண் போலிருக்கிறது" என்றானாம் மற்றவன்.

கேன்டீனில் சமைத்த சூன்ஜா அம்மாதான் என்னைக் காப்பாற்றினார். விஷயம் தெரிந்ததும் இறால் இல்லாமல், மீன் சாறு இல்லாமல், பேரிக்காயும் இஞ்சியும் பூண்டும் அரைத்து எனக்கென்று தனியாக ஒரு டப்பா கிம்ச்சி செய்து கொண்டுவந்தார். நான் என் வழக்கப்படி ஓர் இலையைக் கிள்ளிக் கீழுதட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றார். "என் மாமியார்கூட என் சமையலுக்கு இப்படிப் பரீட்சை வைத்ததில்லை" என்றாராம். உதடு அரிக்கவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொண்டேன். கிம்ச்சி, தொக்போக்கி, ஹோத்தோக் எல்லாம் இந்தக் கைக்கு வந்துவிட்டது. கிளம்பும்போது ஒரு பெரிய பை மிளகாய்ப்பொடியைக் கொடுத்து, ஒன்றே ஒன்றைப் படித்துப் படித்துச் சொன்னார். இலையை ஊறவைக்கக் கல்லுப்புதான் போட வேண்டும். பொடி உப்பு போட்டால் இலை குழைந்துவிடும்.

யாழினி நாள் முழுக்க கொரியச் சமையல் வீடியோவாகப் பார்க்கிறவள். பார்க்க மட்டும்தான் அவளுக்குக் கொடுப்பினை. ஒன்பது வயதுப் பிள்ளை, பிறந்தநாளுக்குச் சைக்கிள் கேட்கவில்லை, கொரிய விருந்து கேட்டாள். அவளுடைய தாய்மாமன் குமரனுக்கு இது தெரிந்ததும் கடலூரிலிருந்து போன் வந்தது.

"மாமா, பொறந்தநாளு உங்க வூட்டுல வச்சிக்கங்க. ஆனா செய்யறது எங்க வூட்லதான். தாய்மாமன் நான் இருக்கறப்ப வேற யாரு செய்வா?"

தமிழ்ச்செல்விக்கு தாலுக்கா ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. நானும் யாழினியும் மட்டும் கிளம்பினோம். வாசலில் நின்று அவள் சொன்னது ஒரே வார்த்தைதான். "பைய கழட்டாதீங்க."

வெள்ளிக்கிழமை கடலூரில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. குமரன் வீட்டுக்குச் செம்மண்டலம் ஷேர் ஆட்டோவில் ஏறினால், என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவின் மீன் கூடை. மேலே ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது. உள்ளே என்ன மீன் என்று கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பாரா என்று எனக்குள் ஒரு பட்டிமன்றம். கடைசியில் யாழினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "நான் என்னா சின்னப் பொண்ணா?" என்று அவள் முறைத்தாள். கொரியாவில் பேருந்தில் மீன் வாடையே வராது. ஆனால் அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், எங்கே போகிறார் என்பதும் கடைசிவரை தெரியாது. இங்கே இறங்குவதற்குள் அந்த அம்மாவின் மருமகள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பதுவரை தெரிந்துவிட்டது.

குமரன் கடற்கரை ஊரிலிருந்து செம்மண்டலத்துக்கு வந்து டூவீலர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டு வாசலில் கால் வைத்ததும் நான் திகைத்து நின்றேன். வீடு டெட்டால் வாடை அடித்தது. குமரன் என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனான்.

"கருவாட்டு டப்பா மொத்தத்தயும் பக்கத்து வூட்டுல குடுத்துட்டேன் மாமா. கத்தி புதுசு. கட்டை புதுசு. மிக்சி ஜாரு புதுசு. ஃப்ரிட்ஜ கழுவி வெயில்ல வச்சேன்."

"என் வாயத்தான் இன்னும் கழுவல ண்ணே" என்றாள் அவன் மனைவி மேகலா. "காலைல பல்லு வெளக்கினப்ப பின்னாடியே நின்னு பாத்துட்டு இருந்தாரு."

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவையும் மோந்து பார்த்தேன். வெட்கம் பார்த்தால் பிள்ளை வளர்க்க முடியாது. "மாமா குளிக்கறப்பகூட அந்தப் பைய மாட்டிக்கினுதான் குளிக்கிறாரா?" என்று குமரன் யாழினியிடம் கேட்டான். "பாத்ரூம் கதவுல மாட்டி வப்பாரு" என்று அவள் உண்மையைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கை வைத்தது தொக்போக்கியில். கேட்கத்தான் பேர் பெரிதாக இருக்கும். அரிசி மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, ஆவியில் வேகவைத்தால் அதுதான். "அய்ய, இது நம்ம கொழுக்கட்டதானே" என்றாள் மேகலா. நம் கொழுக்கட்டைதான், ஆனால் பூரணம் உள்ளே போகாமல் காரமும் இனிப்புமாகக் குழம்பு வெளியே இருக்கிறது. அங்கே இதில் மீன் மாவுத் துண்டு போடுவார்கள். நாங்கள் முட்டைக்கோஸும் அவித்த முட்டையும் போட்டோம். முதல் துண்டை நான் உதட்டில் ஒட்டிவைத்துக் காத்திருந்தேன். குமரன் என் வாயையே பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை என்று தலையாட்டினேன். யாழினி கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் மென்றாள். மூக்கில் தண்ணீர் வழிய வழிய, "அப்பா, வீடியோவுல பாத்ததவிட சூப்பர்" என்றாள். அவள் தட்டை முடிக்கிறவரை நான் அவள் கழுத்தையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கிம்ச்சி. குமரனின் கூட்டாளி பாண்டிச்சேரியிலிருந்து சைனா முட்டைக்கோஸ் வாங்கி வந்து கொடுத்தான். நான் அதைப் பிளந்து அலசி வைத்தேன். மேகலா உப்பு டப்பாவை நீட்டினாள். பொடி உப்பு.

"இது ஆவாதும்மா. கல்லுப்பு வேணும். நெறய வேணும்."

"கடைல ஒரு பாக்கெட் வாங்கியாரச் சொல்லட்டா ண்ணே?"

குமரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கல்லுப்புக்குக் கடைக்கா போவாங்க? நம்ம வூட்டாளுங்க கடைல கல்லுப்பு வாங்கினா ஊர்ல கைகொட்டிச் சிரிப்பாங்க. சித்தப்பா வூட்டுல மூட்டை மூட்டையா கெடக்குது. இருங்க, இதோ வந்துடறேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரையில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போனவன், ஒரு வாளி நிறையக் கல்லுப்பு கொண்டுவந்தான். வெள்ளை வெளேர் என்று இருந்தது. சூன்ஜா அம்மா கேட்டதும் இந்த மாதிரி உப்புதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இலைக்கு இலை கைநிறையத் தூவினோம். மதியம்வரை ஊறவைத்து, தண்ணீரில் அலசிப் பிழிந்தோம்.

மசாலா அரைக்கும்போது நான் பூதக்கண்ணாடி வைக்காத குறைதான். மிளகாய்ப்பொடிப் பையில் ஒட்டியிருந்த சீட்டை மறுபடி மொழிபெயர்த்துப் படித்தேன். பூண்டை நானே உரித்தேன். இறால் இருந்தால் மசாலாவில்தான் இருக்கும், ஆகவே மசாலாவைச் சோதித்தால் போதும் என்பது என் கணக்கு. அதை உதட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இலையில் பூசி, ஜாடியில் அமுக்கி மூடினோம். பிறந்தநாள்வரை யாரும் தொடக் கூடாது, புளிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது உள்ளங்கை அரித்தது. விளக்கடியில் நீட்டிப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் லேசாகச் சிவந்திருந்தது.

"மிளகாத்தூளுல மணிக்கட்டு வரைக்கும் கைய வுட்டுப் பெசஞ்சா அரிக்காம கொஞ்சுமா ண்ணே?" என்று மேகலா தேங்காய் எண்ணெய் கொடுத்தாள். சரிதானே என்று தடவிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மறுநாள் பிறந்தநாள். ஹோத்தோக்குக்கு வெல்லமும் வேர்க்கடலையும் இடித்து மேகலா தனி டப்பாவில் கொடுத்தாள். நம் போளிக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. வாழைப்பழப் பாலுக்கு நல்ல பழமாகப் பார்த்துக் குமரன் வாங்கி வைத்தான். ஜாடியைத் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, பேருந்தில் என் மடியில் வைத்துக்கொண்டேன். யாழினி ஜன்னலோரம். என் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர், காலடியில் வாழைக்கன்று. எதிர் சீட்டில் ஒரு காலேஜ் பெண்.

வெயிலில் ஜாடிக்குள் புளிக்கிற வேலை மும்முரமாக நடந்திருக்கிறது. ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும். என் மடியிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பெரியவர் என் பையைப் பார்த்தார். சத்தம் நின்றது. மறுபடி 'ஸ்ஸ்ஸ்'. அவர் வாழைக்கன்றோடு எழுந்து நின்றுகொண்டார்.

"கண்டக்டரு தம்பி, இந்தாளு பையில எதுவோ சீறுதுப்பா."

பாம்பு என்று பின்னால் ஒரு குரல். ஒரு பெண்மணி காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னா சார் அது? தெறங்க மொதல்ல."

"ஊறுகாய்ங்க. கோஸ் ஊறுகாய்."

"ஊறுகா எங்கயாவது சீறுமா? தெறங்கன்றேன்."

திறந்தேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுச் சிவப்புத் தண்ணீர் பொங்கிப் பெரியவரின் வெள்ளை வேட்டியில் தெறித்தது. புளிப்பும் பூண்டுமாக வாடை பேருந்து முழுக்கப் பரவியது. நான் துண்டை எடுத்துக் குனிந்து வேட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் திட்ட ஆரம்பித்தார். அதற்குள் எதிர் சீட்டுப் பெண், "ஐயோ, கிம்ச்சியா அங்கிள்? நீங்களே செஞ்சதா?" என்று கூவினாள். பாம்பு இல்லை என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு. யாழினிக்குத் தலைகால் புரியாத பெருமை. "எங்க மாமா வூட்ல நாங்க செஞ்சது. சாப்ட்டுப் பாக்கறீங்களாக்கா?" என்று அந்தப் பெண்ணுக்கு ஓர் இலையை எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா, நான் ஒண்ணே ஒண்ணு?"

நான் வேட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாப்பிடு. நம்ம செஞ்சதுதானே, ஒண்ணும் ஆவாது."

இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

கறை போகவில்லை. பெரியவர் மனம் இறங்கி, "வுடுப்பா, எலுமிச்சம்பழம் தேச்சா போயிடும்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாழினி நாக்கைப் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நாக்கு அரிக்குதுப்பா."

"காரமா இருக்கும் பாப்பா, தண்ணி குடி" என்றார் பெரியவர்.

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தாள். காதுக்குள் அரிப்பு. அந்தக் கல்யாண வீட்டிலும் முதலில் அவள் காதைத்தான் குடைந்தாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீழுதட்டின் ஓரம் தடித்து, கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. அவள் ஒரு முறை இருமினாள்.

பையைத் திறந்தேன். அவசரத்தில் இழுத்ததில் ஜிப் சிக்கிக்கொண்டது. காலேஜ் பெண் பிடுங்கித் திறந்தாள். மாத்திரையைக் கொடுத்தேன். பம்பை வாயில் வைத்து அழுத்தினேன். 'இருக்காது, இருக்கவே இருக்காது, அதில் இறால் இல்லை' என்று என் மனம் ஒரு பக்கம் வாதாடிக்கொண்டிருந்தது. கண் முன்னால் பிள்ளையின் உதடு வீங்கிக்கொண்டே போனது. இருமல் நின்று, மூச்சு இழுக்கும்போது சன்னமாக ஒரு விசில் சத்தம் வந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினேன். உடனே, "நிறுத்தாதீங்க, ஓட்டுங்க, ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க" என்றும் கத்தினேன்.

கண்டக்டர் ஒரே பார்வைதான் பார்த்தார். முன்னால் ஓடி டிரைவரிடம் ஏதோ சொன்னார். அப்புறம் அந்தப் பேருந்து எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. நிறுத்தத்தில் கைகாட்டியவர்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹாரன் ஓயவே இல்லை. காலைத் தூக்கி உட்கார்ந்திருந்த பெண்மணி இப்போது யாழினியின் பாதத்தைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ சாமி பேரை முணுமுணுப்பது கேட்டது.

நான் அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தேன். அவளுடைய ஒவ்வொரு மூச்சும் என் சட்டையில் பட்டது. அடுத்தது வருமா என்று காத்திருப்பேன், வரும். அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். பேச வரவில்லை. கண்ணால் கேட்டாள். "வந்துட்டோம்டா, வந்துட்டோம்" என்று பொய் சொன்னேன். எங்கே இருக்கிறோம் என்றே எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே வயலும் புளியமரமும் ஓடிக்கொண்டிருந்தன. என் மனதில் ஒரே ஒரு படம்தான் திரும்பத் திரும்ப வந்தது. தமிழ்ச்செல்வி வாசலில் நிற்கிறாள், நான் மட்டும் ஆட்டோவிலிருந்து இறங்குகிறேன்.

நெடுஞ்சாலையை விட்டு ஒரு தெருவுக்குள் பேருந்து திரும்பியது. அவ்வளவு பெரிய வண்டி அந்தத் தெருவுக்குள் எப்படி நுழைந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் போய் நின்றது. கண்டக்டர் முன்னால் ஓடிக் கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு நர்ஸம்மாவும் இளவயது டாக்டரம்மாவும் இருந்தார்கள். பார்த்த உடனே தொடையில் ஒரு ஊசி.

டாக்டரம்மா யாழினியின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். விசில் சத்தம் மெல்ல இறங்கியது. நிறம் திரும்பியது. "அப்பா, தொடை வலிக்குது" என்று அவள் முனகியபோதுதான் நான் தரையில் உட்கார்ந்திருப்பதே எனக்குத் தெரிந்தது.

"என்னா சாப்பிட்டா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

கோஸ், பூண்டு, இஞ்சி, பேரிக்காய், அரிசிமாவுக் கஞ்சி, மிளகாய்ப்பொடி. பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தேன். எதிலும் இல்லை மேடம், எல்லாம் நானே பார்த்தேன், உதட்டில் வைத்துப் பார்த்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அரிப்பும் இழுப்பும் திரும்ப வரலாம், சிதம்பரத்தில் ஒரு நாள் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

தமிழ்ச்செல்விக்கு நான் போன் செய்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றுதான் ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. நான் சொன்ன பட்டியலை முழுக்கக் கேட்டாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"உப்பு?"

"உப்பா? கல்லுப்பு. குமரன் சித்தப்பா வீட்டுலேர்ந்து..."

அப்புறம் அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. சித்தப்பா வீடு கருவாடு காயப்போடுகிற வீடு. அந்த உப்பு மூட்டை பக்கத்தில்தான் கூனி காயும், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத குட்டி இறால். கூனியை அள்ளுகிற கூடையால்தான் உப்பையும் அள்ளுவார்கள், மிஞ்சிய உப்பை உதறி மறுபடி மூட்டையிலேயே போடுவார்கள். அதே உப்பைத்தான் குழம்புக்கும் எடுப்பார்கள். அவள் அந்த உப்பைத் தின்று வளர்ந்தவள். அந்த வீட்டில் கருவாட்டைத் தனியாக எடுத்து வைக்கத் தெரியும், உப்பைத் தனியாகப் பார்க்க யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. என் உள்ளங்கை அரித்துச் சொன்னதை எண்ணெய் தடவி மூடிவிட்டேன்.

வெளியே வந்தபோது பேருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் போகவில்லை. பிள்ளை பிழைத்தாள் என்றதும் வேட்டிப் பெரியவர் நெகிழ்ந்துபோய்ச் சிவப்புக் கறை வேட்டியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலேஜ் பெண் ஜாடியை நீட்டினாள். நர்ஸம்மாவைக் கேட்டு அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் குமரன் பைக்கிலேயே வந்துவிட்டான். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கிறான் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அவன் மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டிருந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று போனேன்.

"தாய்மாமன் கையால வெஷம் வச்சிட்டேன் மாமா" என்று அவன் என் தோளில் விழுந்தான். "வூட்டையே கழுவினேனே, உப்பக் கழுவ முடியுமா? எனக்குத் தோணலயே மாமா." கல்லுப்பு கேட்டது நான்தானே. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"இனிமே அவளுக்கு என் கையால ஒண்ணும் வேணாம்" என்று அவன் திரும்பிப் போகப் பார்த்தான். தமிழ்ச்செல்வி பின்னால் வந்து நின்றிருந்தாள். "யாருடா செய்வா? நீதான் வந்து செய்யணும். வர்றப்ப கடைல உப்பு வாங்கிட்டு வா" என்றாள்.

பிறந்தநாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விருந்து. குமரனும் மேகலாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். குமரன் ஒரு கல்லுப்புப் பாக்கெட்டைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தான். அவன் பிறந்து வளர்ந்து முதல்முறையாகக் கடையில் வாங்கிய கல்லுப்பு. பிரித்துக் கொட்டும்போது அவன் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தான். இப்போது அவனும் என்னை மாதிரி ஆகிவிட்டான். கோஸ் ஊறியது, மசாலா அரைந்தது. இந்தத் தடவை புளிக்கவிடாமல் அப்போதே சாப்பிடுகிற மாதிரி பிசைந்தோம். தொக்போக்கி கொதித்தது. தோசைக்கல்லில் ஹோத்தோக்கின் வெல்லம் உருகி மணத்தது. வாழைப்பழப் பாலை மேகலா கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி வரிசையாக வைத்தாள். யாழினி எதையும் தொடாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வாசனை பிடித்துக்கொண்டு அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வருகிற பிள்ளை.

வழக்கப்படி நான் ஓர் இலையைக் கிள்ளினேன். அவள் பயம் தெளிய வேண்டும் என்று முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

"அப்பா, இரு."

அவள் கிட்டே வந்தாள். என் தோளிலிருந்த பழுப்புப் பையைத் தலைவழியாகக் கழற்றித் தன் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டாள். அது அவள் முழங்காலுக்குத் தொங்கியது. ஜிப்பைத் திறந்து மாத்திரை இருக்கிறதா, பம்ப் இருக்கிறதா என்று பார்த்தாள். ஜிப்பை மூடாமல் எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுடா" என்றேன்.

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்ன."

நான் இலையை உதட்டில் வைத்தேன். அவள் ஒரு கையைப் பைக்குள் விட்டபடி, கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.